அக்குள் வெப்பநிலை 97.8க்குக் கீழே இருந்தால் தைரொயிட் குறைபாடு என்று முடிவெடுக்கலாமா?

குளக்கட்டு (கிளிநொச்சி) கேட்கிறார்:

உறவுகளுக்கு வணக்கம். இரணைமடு வாய்க்கால் பாயும் கிராமம் ஒன்றில் இருந்து எழுதுகிறேன். பாடசாலை ஆசிரியை, வயது 38, இரண்டு பிள்ளைகள். ஏறக்குறைய ஒரு வருடமாக உடம்பில் தெம்பு இல்லை. பாடசாலை விட்டு வந்து பையை வைத்தால், அடுப்படிக்குப் போக முன்னர் ஒரு மணித்தியாலமாவது படுக்க வேண்டியிருக்கிறது. சீப்பில் முடி கற்றையாக வருகிறது. மார்கழியில் வீட்டில் எல்லோரும் ஒரு போர்வையுடன் படுக்க, எனக்கு இரண்டு போர்வையும் காலுறையும் தேவைப்பட்டன. வெயில் கொளுத்தும் இந்தப் பங்குனியிலும் என் விரல் நுனிகள் குளிர்ந்தே இருக்கின்றன.

ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். காலையில் கண் விழித்ததும் படுக்கையை விட்டு எழும்பாமல் அக்குளில் வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும், பரனைட் அளவில் 97.8க்குக் கீழே இருந்தால் தைரொயிட் சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது என்று அதில் ஒருவர் விளக்கினார். நானும் தை மாதக் கடைசியில் தொடங்கி, பாடசாலைக்கு வண்டி பிடிக்க நாலரைக்கு எழும்பும் நேரத்தில் 21 நாட்கள் பார்த்து, பழைய பாடக்குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். முதல் நாள் 96.8, ஐந்தாம் நாள் 96.7, பத்தாம் நாள் 96.9, பதினான்காம் நாள் 97.5, பதினெட்டாம் நாள் 97.6, இருபதாம் நாள் 97.7. ஒரு நாள்கூட 97.8ஐத் தொடவில்லை.

பயந்துபோய்ப் பட்டணத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ரீ.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்) இரத்தப் பரிசோதனை செய்தேன். 2.4 என்று வந்தது. சாதாரண எல்லை 0.4 முதல் 4.0 வரை என்று அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்த வைத்தியர், தைரொயிட்டில் குறை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அக்காவோ, ரீ.எஸ்.எச். பொய் சொல்லும், வெப்பமானி பொய் சொல்லாது என்கிறார். அதோடு நிற்காமல், ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் பன்றியின் தைரொயிட்டைக் காயவைத்துத் தூளாக்கிச் செய்த மாத்திரைக் குப்பி ஒன்றையும் கொடுத்து விட்டிருக்கிறார். குப்பி இப்போது சாமி அறைத் தட்டில் இருக்கிறது. நான் யாரை நம்புவது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெள்ளைத்தொப்பி (வவுனியா) எழுதுகிறார்:

தங்கச்சி, முப்பது வருடங்களுக்கு மேல் விடுதிகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி நான். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது பேருக்கு வெப்பமானி வைத்த கை இது. அந்தச் சின்னக் கருவி பொய் சொல்லாது என்று உங்கள் அக்கா சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அது சொல்வது நாங்கள் அதை எப்படி, எங்கே, எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் உங்களுடைய வெப்பமானி எது என்று கேட்க வேண்டும். பாமசியில் வாங்கிய டிஜிட்டல் வெப்பமானி என்றுதான் நினைக்கிறேன். அது கீச்சிட்டதும் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். வெப்பநிலை ஏறும் வேகம் குறைந்ததும் பெரும்பாலான டிஜிட்டல் வெப்பமானிகள் கீச்சிட்டுவிடும்; வாய்க்குள் வைத்தால் அது போதும், ஆனால் அக்குளில் அதன் பிறகும் இலக்கம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். பழைய பாதரச வெப்பமானியை அக்குளில் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை வைத்திருக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். நாளைக் காலையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே வெப்பமானியால் இடது அக்குளிலும் வலது அக்குளிலும் அடுத்தடுத்துப் பார்த்து எழுதுங்கள். பின்னர் கையை உடலோடு இறுக்கி, கீச்சிட்ட பிறகும் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மூன்று இலக்கங்களும் ஒன்றாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் வியப்படைவேன்.

அடுத்தது படுக்கை. தை மாத விடியற்காலையில் சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தீர்களா, மின்விசிறி சுழன்றுகொண்டிருந்ததா, வியர்வையால் அக்குள் நனைந்திருந்ததா, நுளம்புவலைக்கு வெளியே கையை நீட்டி உறங்கினீர்களா என்பவை எல்லாம் அக்குளின் தோலைக் குளிரவைக்கும். உடலின் உள்வெப்பம் அப்படியே இருக்க, தோல் மட்டும் குளிர்ந்திருப்பது சாதாரண விடயம். மேலும், மனித உடலின் வெப்பம் ஒரு நாளுக்குள்ளேயே ஏறக்குறைய ஒரு பரனைட் பாகை ஏறி இறங்கும். விடியற்காலை நான்கு மணியை ஒட்டி மிகக் குறைவாகவும் பின்னேரம் நான்கு முதல் ஆறு மணி வரை அதிகமாகவும் இருக்கும். பாடசாலைக்கு வண்டி பிடிக்க நாலரைக்கு எழும்பும் நீங்கள், உடல் மிகக் குளிர்ந்திருக்கும் நேரத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொரு விடயம் என் கண்ணை உறுத்துகிறது. பத்தாம் நாள் வரை 96.7, 96.8, 96.9 என்று கிடந்த இலக்கம், பதினான்காம் நாளில் 97.5 ஆகி, அதன் பிறகு இறங்கவே இல்லை. தங்கச்சி, அளக்கத் தொடங்கியது மாதவிடாயின் எத்தனையாவது நாள்? அடுத்த மாதவிடாய் எப்போது வந்தது? கூச்சப்படாமல் சொல்லுங்கள், இந்தக் கேள்வியில்தான் உங்கள் கொப்பியின் பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குளக்கட்டு எழுதுகிறார்:

அம்மா, நன்றி. மாதவிடாய் தொடங்கி நான்காம் நாளில்தான் அளக்கத் தொடங்கினேன். கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் 97.0, பதின்மூன்றாம் நாள் 97.4. அளப்பதை நிறுத்திய பிறகு, கணக்குப்படி இருபத்தாறாம் நாளில் அடுத்த மாதவிடாய் வந்தது. எனக்கு எப்போதும் 28 நாள் சுற்றுத்தான். வெப்பமானி டிஜிட்டல்தான், கீச்சிட்டதும் எடுத்துவிடுவேன். தரையில் பாய் போட்டுத்தான் படுக்கிறோம்.

வெள்ளைத்தொப்பி எழுதுகிறார்:

நினைத்தது சரி. சூல் முட்டை வெளிவந்த பிறகு புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் கூடும்போது, உடலின் வெப்பம் அரை முதல் ஒரு பரனைட் பாகை வரை ஏறி, அடுத்த மாதவிடாய் வரை அப்படியே நிற்கும். கருத்தரிக்க முயலும் தம்பதியருக்கு நாங்கள் இதையே வரைபடமாக எழுதச் சொல்வதுண்டு. உங்கள் கொப்பியில் இருப்பது அந்தப் படிக்கட்டு. மூன்று வாரம் சிரமப்பட்டு, சூல் முட்டை ஒழுங்காக வெளிவருகிறது என்பதை அழகாக நிரூபித்திருக்கிறீர்கள். தைரொயிட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

நுணுக்குக்காட்டி (வவுனியா) எழுதுகிறார்:

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில், அந்த 97.8 என்ற இலக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் எல்லையும் தெரிந்துவிடும். அமெரிக்க மருத்துவர் புரோடா பார்ன்ஸ் 1942இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதினார். 1976இல் பொதுமக்களுக்காக ஒரு புத்தகமும் வெளியிட்டார். அக்குள் வெப்பநிலை 97.8க்கும் 98.2க்கும் இடையில் இருந்தால் சாதாரணம், அதற்குக் கீழே இருந்தால் தைரொயிட்டைச் சந்தேகிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. செல்சியசில் சொன்னால் ஏறக்குறைய 36.6 முதல் 36.8 வரை, அதாவது ஒரு பாகையின் ஐந்தில் ஒரு பங்குக்குள் ஆரோக்கியத்தையே அடக்கிவிட்டார். வீட்டு வெப்பமானிகளின் அனுமதிக்கப்பட்ட பிழையே 0.1 பாகை, சிலவற்றில் 0.2 பாகை என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனாலும் அவரை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. 1942இல் தைரொயிட்டின் வேலையை அறிய மருத்துவர்களிடம் இருந்த முக்கிய வழி அடிப்படை அனுசேபப் பரிசோதனை, அதாவது ஓய்வில் உடல் சக்தியைச் செலவிடும் வேகத்தை அறிவது. நோயாளியை வெறும் வயிற்றில் படுக்கவைத்து, மூக்கை அடைத்து, வாயில் குழாயைப் பொருத்தி, அவர் எவ்வளவு ஒட்சிசன் உள்ளெடுக்கிறார் என்று அளப்பார்கள். பதற்றப்பட்டால் பிழை, அசைந்தால் பிழை, குழாய் ஒழுகினால் பிழை. அதனோடு ஒப்பிடும்போது ஒரு வெப்பமானி மலிவானதும் நேர்மையானதுமான கருவியாகத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. பின்னர் 1959இல் ரொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் இரத்தத்தில் உள்ள மிக நுண்ணிய அளவு ஓமோன்களைக் கதிரியக்க முறையில் அளக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்று எங்கள் இயந்திரங்கள் செய்யும் ரீ.எஸ்.எச். பரிசோதனை. பார்ன்ஸ் முடிந்ததைச் செய்தார். காணொளிக்காரர் 1942இலேயே நின்றுவிட்டார் என்பதுதான் என் மனத்தாங்கல்.

இன்னொன்று. பார்ன்சின் விதிப்படி பார்த்தாலும் உங்கள் கணக்குச் செல்லாது. வெப்பமானியை இரவே உதறி வைத்து, காலையில் எழும்பாமல் பத்து நிமிடம் அக்குளில் வைக்க வேண்டும் என்றும், மாதவிடாய் உள்ள பெண்கள் அதன் இரண்டாம் மூன்றாம் நாட்களில் பார்க்க வேண்டும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் நான்காம் நாளில் தொடங்கியிருக்கிறீர்கள். அந்த நிபந்தனையைக் காணொளி விட்டுவிட்டது போலும்.

உடலின் சாதாரண வெப்பநிலை என்று சொல்லப்படும் 98.6 என்ற புகழ்பெற்ற இலக்கமும் கல்லில் வெட்டியதல்ல. ஜேர்மனிய மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் வெளியிட்ட கணக்கு அது. 1992இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமானவர்களின் வாய் வெப்பநிலையை அளந்தபோது சராசரி 98.2 என்று வந்தது. வாயை விட அக்குள் இன்னும் அரைப் பாகை அல்லது அதற்கு மேல் குறைவாகக் காட்டும். கழித்துப் பார்த்தால் 97.7. இந்தக் கணக்குப்படி, நோயில்லாத மனிதர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் விடியற்காலையில் 97.8க்குக் கீழேதான் இருப்பார்கள்.

இனி ரீ.எஸ்.எச். ஏன் நம்பத்தக்கது என்பதற்கு வருகிறேன். வயலுக்குத் தண்ணீர் குறைந்தால், கடைமடைக் கமக்காரர் குளத்துத் துருசடியில் (மதகடியில்) நிற்பவரை நோக்கிச் சத்தம் போடுவார் அல்லவா? மூளையின் அடியில் இருக்கும் கபச் சுரப்பி அந்தக் கமக்காரர், தைரொயிட் துருசு, ரீ.எஸ்.எச். அவருடைய குரல். தைரொயிட் ஓமோனான ரீ4 இரத்தத்தில் சற்றுக் குறைந்தாலே குரல் பலமடங்கு உயரும். ரீ4 பாதியாகக் குறைந்தால் ரீ.எஸ்.எச். நூறு மடங்கு வரைகூட ஏறலாம். ஆகவே சுரப்பி களைக்கத் தொடங்கும்போதே, நோயாளிக்கு அறிகுறி தெரியும் முன்னர், அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டுவிடும். வெப்பநிலையோ அப்படியல்ல. உடல் தன் உள்வெப்பத்தைக் கடைசி வரை விட்டுக்கொடுக்காது. தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, கைகால்களைக் குளிரவிட்டாவது நெஞ்சையும் மூளையையும் காக்கும். உண்மையில் தைரொயிட் குறைந்தவர்களிலும் பலருக்கு வெப்பமானி சாதாரண இலக்கத்தையே காட்டும். மிக முற்றி, நினைவு தடுமாறி, 95 பாகைக்குக் கீழே இறங்கும் நிலை ஒன்று உண்டு. அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை, கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும் நிலை அல்ல.

கரைவலை (முல்லைத்தீவு) எழுதுகிறார்:

ஆய்வுகூட ஐயா சொன்ன கடைசி விடயத்துக்கு நானே சாட்சி. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் எனக்குக் குரல் தடித்து, முகம் ஊதி, மலச்சிக்கலாலும் தூக்கத்தாலும் அவதிப்பட்டபோது, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்த எந்த நேரத்திலும் 98க்குக் குறைவாக இருந்ததில்லை. எங்கள் கரையில் நண்பகல் வெப்பத்தில் யாருக்குத்தான் குறையும்! ரீ.எஸ்.எச். மட்டும் 48 என்று வந்தது. வெப்பமானியை நம்பியிருந்தால் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இப்போது குறைந்த தைரொயிட் ஓமோனை ஈடு செய்யும் தைரொக்சின் மாத்திரை எடுக்கிறேன். தொடக்கத்தில் விடிய எழும்பியதும் பால்தேநீருடன் விழுங்கினேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது இலக்கம் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. கிளினிக்கில் தாதி விசாரித்த பிறகுதான் காரணம் விளங்கியது. வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீருடன் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேநீர் குடிக்க வேண்டும். இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். இப்போது மாத்திரையை வாளிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், முகம் கழுவிய கையோடு எடுப்பேன்.

தங்கச்சி கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன்: மரவள்ளிக்கிழங்கை நிறுத்தச் சொல்லி உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள், ஏதோ இஞ்சித் தேநீருடன் சேர்க்கக் கூடாது என்று ஆச்சி சொல்வதைப் போல. வைத்தியரைக் கேட்டேன், மரவள்ளியில் இருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருள் தைரொயிட் அயடீனை எடுப்பதைத் தடுப்பது உண்மைதான், ஆனால் உணவில் அயடீன் போதாமல் இருப்பவர்களுக்கே அது பெரிய பிரச்சினை என்றார். 1995 முதல் இலங்கையில் உணவுக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். மீன் கருவாடு போடுவதற்கு எடுக்கும் கல்லுப்பை மட்டும் கறிக்குப் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

பனிப்புலம் (ரொறன்ரோ) எழுதுகிறார்:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். ஒட்டுசுட்டானில் பிறந்து இங்கே வாழும் நான், ரீ.எஸ்.எச். 3.1 இருந்தபோதும் வெப்பநிலை குறைவு என்பதற்காக இதே பன்றித் தைரொயிட் மாத்திரையை எடுத்தேன். இரண்டாம் வாரமே உற்சாகம் வந்தது, மூன்று கிலோ குறைந்தேன், வெப்பநிலையும் 98க்கு ஏறியது. நோயாளி சொல்வதைக் கேட்காமல் தாளில் இருக்கும் இலக்கத்தை மட்டும் பார்க்கும் வைத்தியர்களால்தான் மக்கள் காணொளிகளிடம் போகிறார்கள். இதற்கும் பதில் சொல்லுங்கள்.

நுணுக்குக்காட்டி எழுதுகிறார்:

உங்களுடைய இரண்டாவது குற்றச்சாட்டு நியாயமானது. குளக்கட்டு அவர்களுக்கு ஒரே வரியில் கிடைத்த பதில் எனக்கும் உடன்பாடில்லை. தைரொயிட்டில் குறை இல்லை என்றால், பிறகு ஏன் இந்தப் பெண்ணுக்குத் தெம்பு இல்லை என்று அடுத்த கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

முதலாவதற்கு மறுப்பு உண்டு. நன்றாக வேலை செய்யும் தைரொயிட் உள்ள யார் இந்த ஓமோனைத் தேவைக்கு மேல் எடுத்தாலும் அனுசேபம் விரையும், எடை குறையும், உடல் சூடேறும். ஆகவே மாத்திரைக்குப் பிறகு வெப்பநிலை ஏறியது, முன்னர் குறைபாடு இருந்ததற்குச் சான்றாகாது. பன்றியின் சுரப்பித் தூளில் ரீ4உம், இன்னொரு தைரொயிட் ஓமோனான ரீ3உம் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. மனிதச் சுரப்பி வெளியிடுவதில் ரீ3இன் பங்கு அதை விட மிகக் குறைவு. ரீ3 வேகமாக ஏறி இறங்குவதால்தான் படபடப்பு வருகிறது. தேவைக்கு மேல் நீண்டகாலம் எடுத்தால், இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு நலிவடையலாம். அண்மையில் ரீ.எஸ்.எச். பார்த்தீர்களா? 0.1க்குக் கீழே இருந்தால் தயவுசெய்து உங்கள் வைத்தியரிடம் மாத்திரையைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள்.

பனிப்புலம் எழுதுகிறார்:

பார்க்கவில்லை. பார்க்கிறேன்.

முறிகண்டிக் கச்சான் (மாங்குளம்) எழுதுகிறார்:

ரீ.எஸ்.எச். சாதாரணம் என்றால் எப்போதும் தைரொயிட் சாதாரணம் என்ற எண்ணம் இந்தத் திரியில் வந்துவிடக் கூடாது என்பதற்காக என் சின்னம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

சின்னம்மாவுக்கு 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இடம்பெயர்ந்து போன வழியில் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் பிள்ளை பிறந்தது. பிள்ளை பிழைத்தது, தாய்க்குத்தான் இரத்தம் நிற்கவில்லை. சேலைகளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தோம் என்று அம்மம்மா இன்றும் சொல்வார். சின்னம்மாவுக்குப் பால் சுரக்கவே இல்லை, பிள்ளையைப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்தான் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்தார். பிறகு மாதவிடாயும் வரவில்லை. எல்லாவற்றையும் போரின் அதிர்ச்சி என்றே நாங்கள் எண்ணிக்கொண்டோம். ஆண்டுகள் போகப் போகச் சின்னம்மா வெளிறி, மெதுவாகி, நடுச்சித்திரை வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு முற்றத்தில் இருப்பார். ஒரு நாள் காய்ச்சலோ என்று வெப்பமானி வைத்தபோது 95.4 காட்டியது, கருவி பழுது என்று இன்னொன்று வாங்கினோம், அதுவும் அதையே காட்டியது. ரீ.எஸ்.எச். பார்த்தால் 1.9, குறை இல்லை என்றார்கள்.

பின்னர் யாழ்ப்பாணத்தில் ஓமோன் சிகிச்சை வைத்தியர் ஒருவர், பிள்ளைப்பேற்றின்போது இரத்தம் போனதா, பால் சுரந்ததா என்று இரண்டே கேள்விகள் கேட்டார். அதற்குப் பிறகுதான் இரத்தத்தில் ரீ4 ஓமோனையும் மற்ற ஓமோன்களையும் அளந்தார்கள். ரீ4 மிகக் குறைவு. அளவுக்கு மீறிய இரத்தப் போக்கினால் கபச் சுரப்பியே சேதமடைந்திருக்கிறது. ஷீகன் நோய் என்று அதற்குப் பெயர். ஆய்வுகூட ஐயாவின் உவமையில் சொன்னால், இங்கே கமக்காரருக்கே குரலை உயர்த்த முடியாமல் போய்விட்டது. வயல் காய்ந்து கிடக்க, சத்தம் மட்டும் சாதாரணமாகக் கேட்கிறது.

இதில் எங்களை நடுங்க வைத்த விடயம் வேறு. கபச் சுரப்பி பழுதானால், சிறுநீரகங்களின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பிகளும் உயிருக்கு அவசியமான கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கத் தூண்டப்படுவதில்லை. அந்த நிலையில் முதலில் கோட்டிசோலை ஈடு செய்யாமல் தைரொயிட் மாத்திரையைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் சொன்னார். சின்னம்மாவுக்கு முதலில் ஹைட்ரோகோட்டிசோன், சில நாட்கள் கழித்துத்தான் தைரொக்சின். யாராவது அன்பு மிகுதியில் வெளிநாட்டிலிருந்து ஒரு குப்பி அனுப்பியிருந்தால் நாங்களும் நம்பிக் கொடுத்திருப்போம். அந்த ஆண்டுகளில் பிள்ளை பெற்ற பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இப்படி இரத்தம் போய்ப் பால் சுரக்காமல் போனவர்கள் இருந்தால், அந்தக் கதையை வைத்தியரிடம் அவர்களாகவே சொல்ல வேண்டும்.

வெள்ளைத்தொப்பி எழுதுகிறார்:

தம்பி, அந்தக் காலத்தில் பெரும் இரத்தப் போக்கோடு வந்து சேர்ந்த தாய்மாரை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் இன்னும் சால்வையோடு முற்றத்தில் இருக்கிறார்களோ.

குளக்கட்டு தங்கச்சி, உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, வெப்பநிலைப் படிக்கட்டும் தெளிவாக இருக்கிறது. ஆகவே கபச் சுரப்பியைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. ஆனால் மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறதா? கண் இமையின் உட்புறம் வெளிறியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சோர்வு, முடி உதிர்வு, கைகால் குளிர்தல் ஆகிய மூன்றும் தைரொயிட்டுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்தல்ல. இரும்புச் சத்துக் குறைந்தாலும் இதே மூன்றும் வரும். முழு இரத்தப் பரிசோதனையும், முடிந்தால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினும் செய்யுங்கள்.

குளக்கட்டு எழுதுகிறார் (மூன்று வாரங்களுக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி. முதலில் அம்மா சொன்ன சோதனை: இடது அக்குள் 97.0, வலது 97.4, கீச்சிட்ட பிறகு ஐந்து நிமிடம் விட்டபோது 97.9. ஒரே காலையில், ஒரே பாயில், ஒரே வெப்பமானியால் எனக்குத் தைரொயிட் நோய் வந்து குணமாகியும் விட்டது.

மாதவிடாய் ஏழு நாட்கள் நீடிக்கும், கட்டியாகவும் போகும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஹீமோகுளோபின் 9.8, பெரிற்றின் 6 என்று வந்திருக்கிறது, இரண்டுமே குறைவு. இந்த முறை வேறொரு வைத்தியர். அறிக்கையைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் எப்படி வகுப்பறையில் நின்று படிப்பித்தீர்கள் என்று கேட்டார். இரும்பு மாத்திரை தந்து, கருப்பையைப் பார்க்க ஸ்கானுக்கும் எழுதியிருக்கிறார். அக்காவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். முதலில் கோபித்தார், பிறகு தன்னுடைய பெரிற்றினையும் பார்க்கப் போவதாகச் சொன்னார். குப்பியைத் திறக்கவில்லை, வந்தவர் திரும்பிப் போகும்போது அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. பாடசாலையில் பத்தரை மணி இடைவேளைக்குத் தேநீர் குடிக்காமல் இருக்க முடியாது. இரும்பு மாத்திரையை எப்போது எடுப்பது?

வெள்ளைத்தொப்பி எழுதுகிறார்:

விடிய எழும்பியதும் தேசிக்காய்த் தண்ணீருடன் வெறும் வயிற்றில் எடுங்கள், தங்கச்சி. நீங்கள் நாலரைக்கு எழும்புகிறவர். காலைத் தேநீரை வீட்டில் தவிர்த்தால் பத்தரைத் தேநீருக்கு ஆறு மணித்தியாலம் இருக்கிறது, இரண்டு மணித்தியால இடைவெளியே போதும். வயிற்றைப் பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும்போது எடுக்கலாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதமளவில் தொடரச் சொல்வார்கள். தெம்பு வந்துவிட்டது என்று இடையில் நிறுத்திவிடாதீர்கள். ஸ்கான் முடிவு வந்ததும் எழுதுங்கள்.